கலியாணப் படம் கலங்கலாமா?

(பழைய வீடியோவை டிவிடி தட்டுக்கு மாற்ற நினைப்போர் அறிய வேண்டியவை)



கலியாணம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. கலியாணப் படமோ பேரன் பேத்தி காலம் வரை இருக்க வேண்டியது. ஆனால் எத்தனை வீடுகளில் அந்தப் படம் இன்று தெளிவாக இருக்கிறது? தட்டைப் போட்டால் மணமகளின் முகம் சதுரம் சதுரமாக உடைகிறது. தாலி கட்டும் நேரத்தில் படம் நின்று நின்று ஓடுகிறது. மாப்பிள்ளை உள்ளதைவிடத் தடித்துத் தெரிகிறார். "பழைய படம், அப்படித்தான் இருக்கும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் வயதானதால் மட்டும் படம் கெடவில்லை. ஒளிநாடாவிலிருந்து விசிடி, விசிடியிலிருந்து கணினி, கணினியிலிருந்து டிவிடி என்று கை மாறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நாமே அதைக் கலங்கடித்திருக்கிறோம்.

சுங்கை பாக்காப் வட்டாரத்து மக்களுக்கு இது சிறிய விஷயமன்று. வால்டோர், ஜாவி, நிபோங் திபால், பத்து காவான் என்று விரியும் இந்தத் தென் செபராங் பிறை, ஒரு காலத்தில் கரும்பும், பிறகு ரப்பரும், அதன்பின் செம்பனையுமாக நம்மவர் வியர்வையில் விளைந்த மண். இன்று பத்து காவானுக்குப் போய்ப் பாருங்கள். தோட்டம் இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துவிட்டன. 2014-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம் அங்கேதான் வந்து இறங்குகிறது.

1980-களில் தோட்டத்துக் கோயிலில் எடுத்த ஒரு கலியாணப் படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் மணமக்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பின்னால் லயத்து வீடுகள் தெரியும். குழாயடி தெரியும். பந்தலுக்கு வாழைமரம் கட்டும் மாமா, சமையலுக்குத் தேங்காய் துருவும் அத்தை, வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி, எல்லாரும் அதில் நடமாடுவார்கள். அந்த லயம் இடிக்கப்பட்டிருக்கலாம். அந்தப் பாட்டி காலமாகியிருக்கலாம். அந்தப் படம் ஒன்றுதான் மிச்சம். ஆகவே, அதை மங்காமல் மாற்றுவது எப்படி என்பதை விளக்கமாகக் காண்போம்.

படத்தை ஏன் சுருக்குகிறார்கள்?

முதலில் ஒரு கணக்கு. நம் நாட்டில் முன்பு இருந்த தொலைக்காட்சி முறைக்கு 'பால்' என்று பெயர். டிவிடியில் இந்த முறைப் படம் ஒவ்வொன்றும் அகலத்தில் 720 புள்ளியும் உயரத்தில் 576 புள்ளியும் கொண்டது. வினாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. இவற்றை எதுவும் குறைக்காமல் அப்படியே எழுதினால், 4.7 கிகாபைட் கொள்ளும் சாதாரண டிவிடி தட்டில் ஏறத்தாழ 5 நிமிடப் படம்தான் அடங்கும். நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் தட்டு நிரம்பிவிடும்! இரண்டு மணி நேரக் கலியாணத்தை ஒரே தட்டில் அடக்க வேண்டுமானால் சுருக்கித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சுருக்கும் கலைக்கு அடிக்கல் நாட்டியவர்களில் நம் பக்கத்து மனிதர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். படத்தைச் சுருக்குவதற்கு ஒரு கணித வழியை ஆராய 1972-இல் அரசு அறிவியல் நிறுவனம் ஒன்றிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. தம் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையை முடித்து, 1974 ஜனவரியில் ஆய்விதழில் வெளியிட்டார். விசிடி, டிவிடி, கைப்பேசிப் படம் என எல்லாவற்றின் அடியிலும் அந்தக் கணக்கோ அதன் வழிவந்த கணக்கோதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது செய்யும் வேலையை எளிதாகச் சொல்லலாம். படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண் நன்றாகக் காணும் பெரிய மாற்றங்களை வைத்துக்கொண்டு, கண் அவ்வளவாகக் கவனிக்காத நுண்ணிய விவரங்களைக் கழித்துவிடுகிறது. அடுத்து, ஒரு படத்திற்கும் அதற்கடுத்த படத்திற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதிக்கொள்கிறது. மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எழுத வேண்டியது குறைவு. மேளம் அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டால் எழுத வேண்டியது அதிகம். அப்போது இடம் போதாமல் போனால்தான் அந்தக் கட்டங்கள் வெளியே தெரிகின்றன. முகம் சதுரமாக உடைவதன் இரகசியம் இதுதான்.

கழித்தது கழித்ததுதான்

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மங்கில் எடுத்த பாலை உறைய வைத்து, உருளையில் நசுக்கி, நீரை வெளியேற்றி ஷீட் ஆக்குகிறோம். எடை குறைகிறது; அடுக்கி வைக்க வசதியாகிறது. ஆனால் அந்த ஷீட்டை மறுபடி பாலாக்க முடியுமா? முடியாது. சுருக்கிய படமும் அப்படியே. கழிக்கப்பட்ட விவரத்தை எந்தக் கணினியும் திரும்பக் கொண்டுவராது.

ஒருமுறை சுருக்கிய படத்தை மறுபடி வேறு முறையில் சுருக்கும்போது, மிச்சமிருந்ததிலும் ஒரு பகுதி கழிகிறது. மூன்றாம் முறை இன்னும் கொஞ்சம். எனவே நேயர்கள் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: கிடைக்கக்கூடியதில் மிக மூத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள், அதிலிருந்து ஒரே ஒருமுறை மாற்றுங்கள். மற்றவை எல்லாம் இந்த விதியின் கிளைகளே.

இப்போது செயற்கை அறிவு கொண்டு பழைய படத்தைப் புதிதாக்கும் செயலிகள் வந்திருக்கின்றன. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அவை காணாமற்போன விவரத்தை மீட்பதில்லை. இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. அந்தச் சுருக்கமில்லாத முகம் உங்கள் பாட்டியின் முகமாக இராமல், கணினி வரைந்த முகமாக இருக்கலாம். வேண்டுமானால் தனியே ஒரு பிரதி செய்து பாருங்கள். மூலத்தின்மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

தாய்ப்பிரதி எது?

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரே கலியாணம் நான்கு உருவில் இருக்கக்கூடும்.

முதலாவது, விஎச்எஸ் ஒளிநாடா. 1976-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இம்முறை பிறகு உலகெங்கும் பரவியது. படம் அதில்தான் எடுக்கப்பட்டது என்றால், அதுவே தாய்ப்பிரதி. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் தயவுசெய்து கருவியில் போடாதீர்கள். நாடாவும் கெடும், கருவி வழியாகப் பூஞ்சை மற்ற நாடாக்களுக்கும் பரவும். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். காலம் தாழ்த்தவும் வேண்டாம். ஒளிநாடாக் கருவிகளைக் கடைசி வரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இருக்கும் கருவிகளும் தேய்ந்துகொண்டே போகின்றன.

இரண்டாவது, விசிடி. 1993-இல் வகுக்கப்பட்ட இம்முறையில் படம் 352-க்கு 288 புள்ளிதான். டிவிடியில் நான்கில் ஒரு பங்கு. ஒளிநாடா வீட்டில் இருக்கும்போது விசிடியிலிருந்து டிவிடி எடுப்பது, அரிசி இருக்கக் குருணையில் சோறு ஆக்குவதற்குச் சமம். ஒளிநாடா போய்விட்டதென்றால் விசிடியே தாய்ப்பிரதி.

மூன்றாவது, கணினியில் உள்ள ஏவிஐ, எம்பி4 போன்ற கோப்புகள். முன்பு எடுத்த படத்திலிருந்து யாரோ இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கிக் கொடுத்தவை இவை. இன்றைய கலியாணங்களில் கேமராவே எம்பி4 கோப்பாகத்தான் பதிவு செய்கிறது. அப்படியானால் படக்காரரிடமுள்ள அந்த முதற்கோப்பே தாய்ப்பிரதி.

நான்காவது, வாட்ஸ்அப்பில் வந்த துண்டுப் படம். இது எல்லாவற்றிலும் இளையது, மெலிந்தது. வீடியோவாக அனுப்பும்போது அந்தச் செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. உறவினரிடமிருந்து மூலத்தைப் பெற விரும்பினால், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 2 கிகாபைட் வரை குறையாமல் வந்து சேரும். அல்லது பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

டிவிடி கருவிக்குத் தெரிந்த முக்கிய மொழி எம்பெக்-2 என்பது. எம்பி4 கோப்பு பேசுவது வேறு மொழி. அதனால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆயினும், உங்கள் அப்பாவோ மாமியாரோ வைத்திருக்கும் டிவிடி கருவியின் முகப்பைச் சற்றுப் பாருங்கள். பென்டிரைவ் செருகும் துளை இருக்கிறதா? 'டிவ்எக்ஸ்' என்ற முத்திரை இருக்கிறதா? தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலேயே துளை இருக்கிறதா? இருந்தால், கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மாற்றவே வேண்டாம். மாற்றாத படத்திற்குக் குறைவு ஏது?

பழைய கருவி, தட்டு ஒன்றையே ஏற்கும், பெரியவர்களுக்கும் தட்டுப் போட்டுப் பார்ப்பதே பழக்கம் என்றால், மேலே படியுங்கள்.

விசிடி வைத்திருப்போருக்கு நற்செய்தி

பலரும் அறியாத செய்தி ஒன்று. விசிடியில் உள்ள எம்பெக்-1 படத்தை டிவிடி விதிமுறை அப்படியே ஏற்றுக்கொள்கிறது! படத்தை மறுபடி சுருக்க வேண்டியதே இல்லை. ஒலியை மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும். படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஒரு டிவிடியில் இப்படி 6, 7 மணி நேரம் வரை கொள்ளும். எனவே மூன்று விசிடியாக இருக்கும் கலியாணம் ஒரே தட்டில் அடங்கிவிடும்.

கடைக்காரரோ, மென்பொருளோ இதைத் தானாகச் செய்யாது. "படத்தை மறுசுருக்கம் செய்யாமல் அப்படியே எடுங்கள்" என்று கேட்க வேண்டும். விசிடியின் உள்ளே 'எம்பெக்-ஏவி' என்ற அறையில் இருக்கும் 'டாட்' கோப்புதான் படம். கீறல் விழுந்த விசிடியாக இருந்தால் அவசரம் தேவை. சாதாரணக் கணினித் தட்டில் உள்ள அளவுக்குப் பிழை திருத்தும் பாதுகாப்பு விசிடியில் கிடையாது. இடத்தை மிச்சப்படுத்த அதைக் குறைத்துத்தான் அந்த முறையையே அமைத்தார்கள்.

600-ஐ வகுத்துப் பாருங்கள்

மற்றக் கோப்புகளை எம்பெக்-2 ஆக மாற்றத்தான் வேண்டும். சிறு இழப்பு உண்டு; ஆனால் கண்ணுக்குத் தெரியாதபடி அடக்கிவிடலாம். எல்லாம் வினாடிக்கு எத்தனை மெகாபிட் ஒதுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு. 600-ஐப் படத்தின் மொத்த நிமிடத்தால் வகுங்கள். வருவதே ஒரு தட்டில் அடங்கும் அளவு.

90 நிமிடப் படம்: 6.6 மெகாபிட். நல்ல தெளிவு.
120 நிமிடப் படம்: 5 மெகாபிட். போதுமானது.
180 நிமிடப் படம்: 3.3 மெகாபிட். ஆட்டம் பாட்டத்தில் கட்டங்கள் தலைகாட்டும்.

60 நிமிடப் படத்திற்குக் கணக்கு 10 என்று காட்டும். ஆனால் டிவிடியில் படத்திற்கு உச்ச எல்லை 9.8. எல்லைவரை போகாமல் 8-இல் நிறுத்துவது நன்று. சில கருவிகள் அதற்கு மேல் திணறும். ஒலிக்கு இதிலிருந்து 0.2 அளவு ஒதுக்குங்கள்.

மூன்று மணி நேரக் கலியாணத்தை ஒரே தட்டில் திணிக்கச் சொல்லும் கஞ்சத்தனம் வேண்டாம். நலங்கும் முகூர்த்தமும் ஒரு தட்டு, விருந்தும் வரவேற்பும் ஒரு தட்டு என்று பிரியுங்கள். ஒரே தட்டுத்தான் வேண்டும் என்றால், விஎச்எஸ் படத்திற்கு இன்னொரு வழி உண்டு. டிவிடி விதிப்படி 352-க்கு 576 என்ற அளவும் செல்லும். ஒளிநாடாவே ஏறத்தாழ 240 கோட்டுத் தெளிவுதான் தரும் என்பதால், அகலத்தைப் பாதியாக்குவதால் பெரிதாக எதுவும் போய்விடாது. மிச்சமாகும் இடம் கட்டம் உடைவதைத் தடுக்கும்.

கவனிக்க வேண்டிய வேறு சில

மாப்பிள்ளை தடிப்பது ஏன்? பழைய படம் 4-க்கு 3 என்ற வடிவம். புதிய தொலைக்காட்சி 16-க்கு 9. பழைய படத்தை இழுத்துத் திரை முழுதும் நிரப்பினால் எல்லாரும் தடிப்பார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். மனிதர்கள் மனிதர்களாகத் தெரிவார்கள்.

கையை வீசும்போது சீப்புப் பற்கள் போலக் கோடு தெரிகிறதா? ஒளிநாடாப் படம் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று மாறி மாறி எழுதப்பட்டது. டிவிடியும் அதே முறையை ஏற்கும். மாற்றும்போது இந்த வரிசையைக் கலைக்காமல் விடச் சொல்லுங்கள்.

கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 30 படம் ஓடுபவை. அவற்றை 25 ஆகக் குறைத்தால் நடை தடுக்கும். அமெரிக்க முறையான 'என்டிஎஸ்சி'யில் 720-க்கு 480 அளவில் தட்டு செய்தால் ஓட்டம் சீராக இருக்கும். இங்குள்ள பெரும்பாலான கருவிகள் அதையும் ஏற்கும்; முன்கூட்டி ஒரு தட்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 'டிவிடி ஸ்டைலர்' போன்ற இலவச மென்பொருள் கொண்டு தாங்களே செய்யலாம். 'இரண்டு ஓட்டம்' என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டத்தில் படத்தை அளந்து, இரண்டாம் ஓட்டத்தில் தேவையான இடத்திற்கு அதிக மெகாபிட் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும், பலனும் உண்டு. வெறும் தட்டு 4.7 என்று எழுதியிருக்க, கணினி 4.37 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். எண்ணும் முறைதான் வேறு, அளவு ஒன்றே.

கடைக்காரரிடம் கேளுங்கள்

கடையில் கொடுப்பவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை ஐந்து.

1. எந்தப் பிரதியிலிருந்து எடுக்கிறீர்கள்? விசிடியா, நாடாவா?
2. ஒரு தட்டில் எத்தனை நிமிடம்? வினாடிக்கு எத்தனை மெகாபிட்?
3. வடிவத்தை இழுக்காமல் எழுதுவீர்களா?
4. எழுதிய பின் தட்டை முடித்து மூடுவீர்களா? (மூடாத தட்டு மற்றக் கருவிகளில் ஓடாமற்போகலாம்.)
5. மாற்றிய கோப்பைப் பென்டிரைவிலும் தருவீர்களா? நாடாவைத் திருப்பித் தருவீர்களா?

ஐந்தாவது மிக முக்கியம். டிவிடி வந்துவிட்டது என்று நாடாவைக் குப்பையில் போட்டவர்கள் பலர். நாளை இதைவிட நல்ல முறை வந்தால், தாய்ப்பிரதி இருந்தால்தானே மறுபடி எடுக்கலாம்?

ஒரு சொல் எச்சரிக்கை: இதெல்லாம் நம் சொந்தப் படங்களுக்கு. விலைக்கு வரும் சினிமாத் தட்டைப் பிரதி எடுத்து விற்பது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம்.

தட்டும் நிரந்தரமன்று

எழுதும் டிவிடியின் உள்ளே இருப்பது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் வெக்கையும் அதற்குப் பகை. சன்னலோரத்திலும் காரிலும் வைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தாளில் பெயர் எழுதி ஒட்டாதீர்கள். தட்டின் சமநிலை கெடும். இரண்டு தட்டு எழுதி, ஒன்றை வேறு வீட்டில், மகளிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள். தாய்க்கோப்பை வெளிவட்டு ஒன்றிலும் சேமியுங்கள். எந்த முறையும் நிலைத்ததில்லை: மினிடிவி நாடா, பதிவுசெய்யும் புளூரே தட்டு ஆகியவற்றின் உற்பத்தியை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய தட்டு வந்ததும், வரும் தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது யார்? இது எந்தத் தோட்டம்? இது எந்த லயம்?" என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். படத்தின் தெளிவை மெகாபிட் காக்கும். அதில் இருப்பவர்களின் பெயரை எந்தக் கருவியும் காக்காது. கேட்டு எழுதும் கைதான் காக்கும். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.